வட சென்னையிலிருந்து நகரமைப்பு ஆய்வுக்கு: ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. தண்டையார்பேட்டையில் வளர்ந்து, சிவில் இன்ஜினியரிங் முடித்து, ஒன்றரை ஆண்டு கட்டுமானப் பணியில் இருந்த ஒருவர், நகரத் திட்டமிடலும் சுற்றுச்சூழலும் சந்திக்கும் துறையில் முனைவர் பட்டம் பெற்று ஆசிரியராக வேண்டும் என்று விரும்புகிறார். எந்தப் படிப்பில் சேர்வது, ஆய்வை வெளிநாட்டில்தான் செய்ய வேண்டுமா, எண்ணூரைப் பற்றி ஆய்வு செய்தால் உள்ளூர் விஷயம் என்று ஒதுக்கிவிடுவார்களா, வேலை கிடைக்குமா, வீட்டிலிருந்தபடியே படிக்க முடியுமா என்பவை அவருடைய ஐயங்கள். நான் கொருக்குப்பேட்டையில் பிறந்தவன். இதே துறையில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். எனவே சற்று நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பலரும் கடைசியாகத் தெரிந்துகொண்டு வருந்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஆசிரியர் பணிக்கு நீங்கள் என்ன ஆய்வு செய்தீர்கள் என்பதற்கு முன்பாக, உங்கள் பட்டங்களின் பெயர் என்ன என்று பார்ப்பார்கள். நகரமைப்புத் துறையில் ஆசிரியராக வேண்டுமானால் திட்டமிடல் முதுகலையான எம்.பிளான் பட்டம் ஏறக்குறைய கட்டாயம். கட்டடக்கலைக் கல்லூரிகளிலும் நகரமைப்புப் பாடங்கள் உண்டு. ஆனால் அங்குள்ள நிரந்தரப் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் பி.ஆர்க். அடிப்படை கேட்பார்கள், சிவில் படித்தவர் எம்.பிளான் முடித்திருந்தாலும் வாசலிலேயே நிற்க நேரும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் புவியியல் உண்டு, சுற்றுச்சூழல் அறிவியல் உண்டு; நகரமைப்பு என்று தனிப் பாடம் இல்லை. எனவே சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. படித்துவிட்டு நகரமைப்பில் முனைவர் பட்டம் செய்தால் போதும் என்று நினைப்பவர், பிற்பாடு இரண்டு துறைகளின் தேர்வுக் குழுக்களாலும் "நீங்கள் எங்கள் துறையைச் சேர்ந்தவர் இல்லையே" என்று கேட்கப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நேர்காணல் அறிவிப்புகள் ஐந்தாறைத் தேடி எடுத்து, தகுதி என்ற பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். எந்தப் படிப்பில் சேர்வது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கும்.

உங்களுக்கு என் பரிந்துரை எம்.பிளான்தான். சிவில் படித்தவர்கள் சேரலாம். புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலை முடித்தவர்களுக்கும் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் புலம் கிண்டியில் இருக்கிறது. சேர்க்கைக்குக் கேட் என்ற அகில இந்தியப் பொறியியல் தேர்வின் மதிப்பெண் அல்லது தமிழ்நாட்டின் சீட்டா-பிஜி நுழைவுத் தேர்வு வேண்டும். வெளியே போகத் தயார் என்றால் டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று இடங்களிலும் மத்திய அரசின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள் உள்ளன. அங்கே சுற்றுச்சூழல் திட்டமிடல் தனிச் சிறப்புப் பாடமாகவே நடத்தப்படுகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி., ரூர்க்கி ஐ.ஐ.டி., அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் ஆகியவையும் நல்லவை. கேட் தேர்வில் கட்டடக்கலையும் திட்டமிடலும் ஒரே தாள். வரைபடத் தொடர்பான கணக்குகளில் சிவில்காரர்கள் தடுமாற மாட்டார்கள். நகர வரலாறும் சட்டமும்தான் புதிதாகப் படிக்க வேண்டியவை.

இந்தத் துறைக்கு ஏன் இப்படி நிலையான வீடு இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு; அதில் நம் பகுதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் அருகே இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கிடங்குகள்மீது குண்டு வீசியதை வட சென்னையில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். அதே எம்டன் அடுத்த மாதம் இந்தியப் பெருங்கடலில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில்தான் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தம் நகரமைப்புக் கண்காட்சிக்காக அனுப்பியிருந்த வரைபடங்களும் படங்களும் இருந்தன. கவர்னர் பென்ட்லண்டின் அழைப்பில் சென்னைக்கு வந்த கெடிஸ், நண்பர்களிடமிருந்து புதிதாகப் படங்களைத் திரட்டி 1915-இல் இங்கே கண்காட்சியை நடத்தினார். பிறகு மாகாணத்தின் பல ஊர்களில் தெருத்தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். அவர் படித்தது உயிரியல். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த பேராசிரியர் பதவியோ சமூகவியலும் குடிமையியலும் சேர்ந்த துறையில். சென்னையில் 1920-இல் நகரமைப்புச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் அதைக் கற்பிக்கும் துறை பொறியியலின் திண்ணையிலும் கட்டடக்கலையின் திண்ணையிலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. தேர்வுக் குழு உங்களைத் திருப்பி அனுப்பும்போது அது உங்கள் குறை மட்டும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, உள்ளூர் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான்.

எம்.பிளான் முதலாண்டில் எங்கள் குழுவுக்கு எண்ணூர்க் கரையில் நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு தரப்பட்டது. குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா என்று வண்ணம் தீட்டிக்கொண்டே போய், ஒரு குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்வெளியைக் "காலி இடம்" என்று குறித்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "இன்னாப்பா, காலி எடம்னு போட்டுகினுகீற? அப்போ எங்க வலையெல்லாம் எங்க காயுது, ஆகாசத்துலயா?" நான் திரும்பிப் பார்த்தேன். வலை காய்ந்துகொண்டிருந்தது, ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைச் சரி செய்துகொண்டிருந்தார்கள், ஓரமாகத் தார்ப்பாயில் நெத்திலி பரப்பியிருந்தது. கொருக்குப்பேட்டையில் வளர்ந்து, ஞாயிறுதோறும் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போன எனக்கே அது கண்ணில் படவில்லை. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. திருத்தி எழுதலாம் என்று குறியீட்டு அட்டவணையைப் பார்த்தால், வலை காயும் இடத்துக்கு அதில் வண்ணமே இல்லை. வகுப்பில் கேட்டபோது "பிற" என்று போடச் சொன்னார்கள். அந்தப் "பிற" என்ற கட்டத்துக்குள் என்னென்ன தள்ளப்படுகிறது, அப்படித் தள்ளப்பட்டதை அரசாணை எப்படிப் படிக்கிறது, அந்த இடத்தின்மேல் பிற்பாடு எது வந்து உட்காருகிறது என்பதுதான் பின்னாளில் என் ஆய்வாக ஆனது.

எண்ணூரில் பிறந்தவர் என்பது தகுதி ஆகிவிடாது. பக்கத்தில் இருப்பதாலேயே கண்ணுக்குப் படாமல் போவது அதிகம். நேரில் தெரிந்ததை ஆவணத்தோடும் அளவீட்டோடும் சேர்த்துக் காட்டும்போதுதான் அது ஆய்வு ஆகிறது. அப்படிக் காட்டிவிட்டால் எந்த ஊர் ஆய்வையும் உள்ளூர் விஷயம் என்று யாரும் ஒதுக்குவதில்லை. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1960-களின் இறுதியில் வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி நின்றுவிட்டன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. உப்பங்கழியில் நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது பற்றிய வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் வந்து, அதன் கீழ் தமிழ்நாட்டுக்கான வரைபடம் 1996-இல் ஒப்புதல் பெற்றது. அந்த வரைபடத்தில் இருந்த கழி, பிறகு புழங்கிய வேறொரு வரைபடத்தில் காணாமல் போனது என்ற புகார் 2017-இல் பெரிதாக எழுந்தது. ஒரு கழி வரைபடத்திலிருந்து எப்படி விலகிப்போகும் என்பது எந்த நாட்டு நகரமைப்பு அறிஞருக்கும் ஆர்வமூட்டும் கேள்வியே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் வந்து கழியில் பரவியது உங்களுக்கு நேரிலேயே தெரிந்திருக்கும். படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் கருப்பாக ஒட்டிய அந்த எண்ணெயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் யார் கசியவிட்டார்கள் என்று கேட்டார்கள். அது நீதிமன்றத்துக்குரிய கேள்வி. திட்டமிடல் ஆய்வாளர் கேட்க வேண்டியது வேறு. ஆறு நீர்வளத் துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், நிலப் பயன்பாடு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், கரை கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் என்று பிரிந்து கிடக்கும்போது, ஒரே தண்ணீர் இந்த ஐந்து எல்லைகளையும் ஒரே இரவில் கடந்துவிடுகிறது. ஐவரில் யாருடைய வரைபடத்திலும் அந்தத் தண்ணீரின் முழு வழி இல்லை. கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் எடுக்கப்பட்ட வடிகால் திட்டத்தையும் 2008-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) நிலப் பயன்பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு முனைவர் பட்டத்துக்குத் தேவையான முரண்பாடுகள் அங்கேயே கிடைக்கும். முழுமைத் திட்டத்தில் சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில்கள் என்ற தனிப் பகுப்பே உண்டு. அந்த வண்ணம் நகரின் எந்தத் திசையில் குவிந்திருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை இன்று செலவு குறைவு. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் கிடைக்கின்றன, சென்டினல்-2 படங்களில் பத்து மீட்டர் வரை தெளிவு உண்டு. ஆனால் மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். வருவாய்த் துறையின் நில ஆவணங்களான புல வரைபடமும் 'அ' பதிவேடும் படிக்கத் தெரியாதவரால் வட சென்னையில் நில ஆய்வு செய்ய இயலாது. படத்தில் நீராகத் தெரிவது பதிவேட்டில் தரிசாக இருக்கும். பதிவேட்டில் நீர்நிலையாக இருப்பது படத்தில் கன்டெய்னர் யார்டாகத் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவதையும் ஆய்வு முறையாகவே கற்றுக்கொள்ளுங்கள். மனுவில் "விவரங்கள் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. கோப்பு எண், ஆண்டு, வரைபடத் தாளின் எண் என்று குறிப்பிட்டுக் கேட்டால் வருகிறது.

தமிழ் தெரிந்திருப்பது இந்தத் துறையில் எங்கே பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுக் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் வெளியிட வேண்டும். ஆங்கில அறிக்கை பல நூறு பக்கங்கள். தமிழில் வருவதோ சில பக்கங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டது, எந்தச் சொல் மாறியது என்று வரிசையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. முதுகலை முடித்த புதிதில் நான் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பத்து மாதம் வேலை செய்தேன். எண்ணூர்க் கரைக்கான ஒரு வரைவு அறிக்கையின் தாவரப் பட்டியலில் மலைச்சரிவில் வளரும் மரங்கள் இருந்தன; வேறு மாவட்டத்துக்கு எழுதிய அறிக்கையிலிருந்து பக்கம் பக்கமாக வந்தவை அவை. நான் சுட்டிக்காட்டியபோது மரங்களை நீக்கினார்கள், பறவைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வேலையை விட்டதற்கு நான் வருந்தவில்லை. அங்கே சேர்ந்ததற்கும் வருந்தவில்லை. ஒரு அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதை எந்த வகுப்பும் எனக்கு அப்படிக் கற்றுத் தந்திருக்காது. உங்கள் ஒன்றரை ஆண்டுக் கட்டுமான அனுபவத்தையும் அப்படிப் பயன்படுத்துங்கள். சாக்கடைக்கு மட்டம் பார்த்தவருக்கு வெள்ளம் புரியும்.

முனைவர் பட்டம் வெளிநாட்டில்தான் வேண்டுமா? வேண்டியதில்லை, ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் சேர்ந்து கிடைப்பது வழக்கம். பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும், ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அங்கே கோட்பாட்டுப் பயிற்சி நன்றாக இருக்கும்; எண்ணூருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி ஆகிவிடுவீர்கள். இங்கே பதிவு செய்தால் கழியின் ஓராண்டுச் சுழற்சியை முழுவதுமாகப் பார்க்கலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன் பிறகு 42,000 ரூபாயும் என்பது 2023 முதல் நடைமுறையில் உள்ள தொகை. வீட்டு வாடகைப் படி தனி. இந்தியாவில் பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் இருந்து ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை உண்டு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு இங்கே பதிவு, அங்கே சில மாதங்கள் என்பதே ஏற்றது என்று கருதுகிறேன். பொருளாதாரமும் சமூகமும் சார்ந்த கேள்வியாக உங்கள் ஆய்வு திரும்பினால், அடையாற்றில் 1971-இல் மால்கம் ஆதிசேசய்யா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தையும் பாருங்கள்.

நெறியாளர் யார் என்பது நிறுவனத்தின் பெயரைவிட முக்கியம். அவரிடம் முனைவர் பட்டம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், அவர்களுடைய கட்டுரைகளில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்ற இரண்டையும் சேருவதற்கு முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். சேர்ந்தபிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும்.

வேலை பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டின் 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை. மாநிலத் திட்டமிடல் துறைகளுக்கு 12,000-க்கு மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவைப்படுகையில், அனுமதிக்கப்பட்ட இடங்கள் நாலாயிரத்துக்கும் குறைவு, அவற்றிலும் பாதி காலி. இதைப் படித்துவிட்டு வேலை குவிந்திருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். தேவை வேறு, பணியிடம் வேறு, விளம்பரம் வேறு. ஆசிரியர் பணியிடங்கள் இன்னும் குறைவு. ஒரு நிறுவனத்தில் நகரமைப்புத் துறை என்றால் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள், ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஓர் இடம். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அங்கே போய்ச் சேரும்வரை தற்காலிக விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் கழியும். அந்த ஊதியத்தைப் பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ சொல்லும்போது உங்கள் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். எனவே டிஎன்பிஎஸ்சி நடத்தும் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் தேர்வையும் எழுதி வையுங்கள். அரசுப் பணியில் சில ஆண்டுகள் இருந்து கோப்பு நகரும் விதத்தைக் கண்டபின் ஆய்வுக்குத் திரும்பிய சிலரின் எழுத்து, நேராக ஆய்வுக்கு வந்த எங்களுடையதைவிடக் கனமாக இருக்கிறது என்பது என் தனிப்பட்ட கருத்து.

வெளியீடுகளில் ஆங்கில ஆய்விதழ்களுக்கே மதிப்பெண். தமிழில் எழுதுவதைப் பணி உயர்வுக் குழு பெரிதாகக் கணக்கில் கொள்வதில்லை. இருந்தும் குப்பத்தில் உங்களுக்குத் தகவல் தந்தவர்கள் படிக்கும்படி ஆண்டுக்கு ஒன்றாவது தமிழில் எழுதுங்கள். எழுதியதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், எங்கே தவறு என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்களுக்கு அதற்கு ஆறு மாதம் ஆகும்.

கடைசியாக, வீட்டிலிருந்து படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படிக்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால், தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். நான் படித்தபோது கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு பேருந்து. விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பேசின் பாலத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரமாக எண்ணூர் முகத்துவாரம் வரை, நாளுக்கு இரண்டு கிலோமீட்டராக நடந்து, எந்தெந்த இடத்தில் எந்தத் துறையின் அறிவிப்புப் பலகை நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலில் தன்விவரக் குறிப்போடு அந்த ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள்.